இஞ்சியும் மாங்காயும் இங்கிலீசும்

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. பயப்பட வேண்டாம், புள்ளி போட மாட்டேன். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கப் பழகும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஏ, என், ஜி, இ, ஆர் என்ற ஐந்து எழுத்துகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். அது ‘ஏங்கர்’, கோபம் என்று பொருள். அதற்கு முன்னால் ஒரு எச் போட்டால் ‘ஹேங்ஙர்’ ஆகிவிடும். சட்டை மாட்டுகிற கொக்கி. எச்சை அழித்துவிட்டு டி போட்டால் ‘டேஞ்சர்’, அதாவது ஆபத்து. மின்சாரப் பெட்டியின் கதவில் மண்டையோட்டுப் படத்தோடு எழுதியிருப்பார்களே, அந்தச் சொல்தான்.

வேடிக்கையைப் பார்த்தீர்களா? ஐந்து எழுத்தும் இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கின்றன. முன்னால் வந்து உட்காருகிற விருந்தாளி மாறியதும் ஓசை மூன்று விதமாகிவிட்டது. தொல்லையெல்லாம் நடுவில் நிற்கும் என், ஜி என்ற இரண்டு எழுத்துகளால் வருவது. இந்த இரட்டையரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு எழுத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்து முடித்து, பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போன பையன் ஒருவன். புத்திசாலி. கணக்கில் புலி. முதல் மாதத்திலேயே வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலப் பாடம் வாசிக்கும்போது அந்த ஆபத்துச் சொல்லை ‘டாங்கர்’ என்று வாசித்துவிட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்றோடு அவனுக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது. பிறகு அவன் ஆங்கில வகுப்பில் வாயைத் திறப்பதே இல்லை. அவனுடைய தாயார் என்னிடம் வந்து, “சார், இவனத் தமிழ்ப் பள்ளியில போட்டது தப்பாப் போச்சுங்களா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. நெகிரி செம்பிலானில் எத்தனையோ தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்டுப் பட்டணத்துப் பக்கம் குடிபோகும் பெற்றோர், பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது என்று யோசிக்கும்போது, முதலில் எழுகிற பயமே இந்த ஆங்கிலப் பயந்தான். 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் நிறுத்தப்பட்டுவிட்டது. தேர்வு இல்லாதது பிள்ளைகளுக்கு நிம்மதி என்றாலும், பிள்ளை எந்த இடத்தில் திணறுகிறது என்பது பெற்றோருக்குத் தெரிகிற வழி ஒன்று குறைந்துவிட்டது. ஆகவே அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

பையனுக்கு அந்த மூன்று ஓசையும் முன்பே தெரியும். தமிழ்ப் பள்ளியில் படித்ததால்தான் தெரியும்.

நம் நெடுங்கணக்கில் ‘ங’ என்று ஓர் எழுத்து இருக்கிறதல்லவா? ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ங, ஙா, ஙி, ஙீ என்று மூக்கால் பாடிவிட்டு, “சார், இந்த எழுத்து எதுக்கு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மெய்யாகிய ‘ங்’ மட்டும் க என்ற எழுத்துக்கு முன்னால் ஓயாமல் வேலை செய்கிறது. மாங்காய், தேங்காய், சங்கு என்று அடுப்படி முதல் கோயில் வரை எங்கும் அது உண்டு. ஆனால் உயிர்மெய்யாகிய ‘ங’வுக்கு வேலை மிகக் குறைவு. அங்ஙனம், இங்ஙனம், எங்ஙனம் என்ற சொற்களில் வரும். பழைய கடிதங்களின் அடியில் ‘இங்ஙனம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், அதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்று சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இங்ஙனம். மாங்காய். இஞ்சி. முதல் சொல்லில் ஓசை மூக்கிலேயே நின்றுவிடுகிறது; க என்ற வெடிப்பு இல்லை. அதுதான் ‘ஹேங்ஙர்’. இரண்டாவதில் மூக்கு ஓசைக்குப் பின்னால் தொண்டையில் ஒரு க தட்டுகிறது. அதுதான் கோபச் சொல். மூன்றாவதில் நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தைத் தொடுகிறது. அதுதான் டேஞ்சர். நம்மவர்கள் இந்த மூன்றுக்கும் தனித்தனி எழுத்து வைத்துப் பிழையில்லாமல் பிரித்துவிட்டார்கள்.

மலாய் மொழியும் அப்படித்தான். பூவுக்கு ‘புஙா’, அதில் ஒரே ஒரு ஜி. படிக்கட்டுக்கு ‘தங்கா’, அதில் இரண்டு ஜி. வாக்குறுதிக்கு ‘ஜன்ஜி’, அதில் ஜியே கிடையாது, ஜே என்ற எழுத்து வந்துவிடும். கண்ணால் பார்த்தாலே எப்படிச் சொல்வது என்று தெரிந்துவிடும். நாம் ‘புங்கா’, ‘சுங்கை’ என்று க தட்டிச் சொல்வது வேறு விஷயம். காலங்காலமாக நம் நாக்கு அப்படிப் பழகிவிட்டது. பேருந்தில் போகும்போது நம் மாநிலத்துப் பலகைகளைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். லிங்கி என்ற ஊருக்கு இரண்டு ஜி போட்டிருக்கும். செனவாங், தெமியாங் இரண்டிலும் கடைசியில் ஒரே ஜி. சிரம்பான் வட்டாரத்தின் பழைய பெயரான சுங்கை ஊஜோங்கில் இரண்டு சொல்லிலும் இந்த இரட்டையர் உண்டு. இரண்டிலும் க இல்லாத ‘இங்ஙன’ ஓசைதான்.

ஆக, தமிழில் மூன்று ஓசைக்கு மூன்று எழுத்துமுறை. மலாயிலும் மூன்று. ஆங்கிலத்தில் மட்டும் மூன்றுக்கும் ஒன்றே. குழப்பம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆங்கிலத்துக்கு ஏன் இந்த நிலை? அவர்கள் எழுதுவது ரோமானியர்களிடமிருந்து வாங்கிய எழுத்து. அதில் ங கிடையாது, ஞவும் கிடையாது. இரவல் சட்டை அங்கங்கே பிடிக்கத்தானே செய்யும்? ஆகவே என்னையும் ஜியையும் ஒட்டிச் சமாளித்தார்கள். 1066ல் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சுச் சொற்கள் கூட்டங்கூட்டமாக உள்ளே வந்தன. அந்த மொழியில் ஜிக்குப் பின்னால் இ அல்லது ஐ என்ற எழுத்து வந்தால் ஜகர ஓசைதான். டேஞ்சர், ஸ்ட்ரேஞ்சர், ஆரஞ்சு எல்லாம் அந்த வாசல் வழியாக வந்தவை. பழைய உள்ளூர்ச் சொற்களான கிங், ஃபிங்கர், ஹங்கர் எல்லாம் முன்பிருந்த ஓசையிலேயே இருந்துவிட்டன. அதன் பிறகு கப்பலேறிக் கிழக்கே வந்தார்கள். இங்கிருந்தும் இந்தியாவிலிருந்தும் அள்ளிக்கொண்டு போன சொற்களையும் இதே கூடையில் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கூடையைக் கிளறிப் பார்த்தால் நம் வீட்டுச் சாமான்களே நிறையக் கிடைக்கின்றன.

முதலில் கஞ்சி. நாம் ஏழைச் சாப்பாடு என்று நினைக்கிற இந்தக் கஞ்சி, ஆங்கில அகராதியில் ‘காஞ்சீ’ என்று கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. கோவாவில் இருந்த போர்த்துகீசிய வைத்தியர் கார்சியா தா ஓர்தா 1563ல் அச்சிட்ட மருத்துவ நூலிலேயே கஞ்சி வருகிறது. அரிசி நீரில் மிளகும் சீரகமும் சேர்த்து நோயாளிக்குக் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். நம் பாட்டிமார் செய்யும் வைத்தியந்தான். போர்த்துகல் நாட்டில் இன்றும் உடம்பு சரியில்லாதவர்களுக்குக் கோழியும் அரிசியும் போட்டுக் காய்ச்சிக் கொடுக்கும் சூப்புக்கு ‘கான்ஜா’ என்று பெயர்.

இந்தியாவில் பேசப்பட்ட ஆங்கிலச் சொற்களுக்கென்று யூல், பர்னல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் தொகுத்து 1886ல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற அகராதியில் இன்னொரு தகவல் இருக்கிறது. பட்டாளத்தில் குற்றம் செய்த சிப்பாயை அடைத்து வைக்கும் அறைக்குக் ‘கஞ்சி வீடு’ என்று பெயராம். உள்ளே கிடைக்கிற ஆகாரம் அது ஒன்றுதான் என்பதால் வந்த பெயர்! இன்றோ ஹாங்காங்கிலும் கோலாலம்பூரிலும் பெரிய சீன உணவகங்களில் ஆங்கில விலைப்பட்டியலைப் பிரித்தால், சீனர்கள் தங்கள் பேச்சில் ‘ஜூக்’ என்று சொல்லும் அரிசிக் கஞ்சிக்கு இந்தத் தமிழ்ப் பெயரைத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். சட்டைக்குப் போடும் கஞ்சியை மலாய்க்காரர்கள் ‘கன்ஜி’ என்கிறார்கள், அதுவும் நம்முடையதே. எந்த நாட்டுக் கஞ்சியானாலும் ஆங்கிலத்தில் இது இஞ்சி வகை ஓசை.

இஞ்சியே அப்படிப் போன சொல்தான். தமிழில் வேர் என்கிறோமே, அந்த வேரையும் சேர்த்து ‘இஞ்சிவேர்’ என்ற பழைய தென்னாட்டு வடிவம், பாலியில் ‘சிங்கிவேர’ என்றும், கிரேக்கத்தில் ‘ஜிங்கிபெரிஸ்’ என்றும் திரிந்து, லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்’ ஆனது என்று மொழி அறிஞர்கள் காட்டுகிறார்கள். மிளகோடு சேர்ந்து ரோமாபுரிக்குக் கப்பலேறிய சரக்கல்லவா? சரக்கு போன இடத்துக்குப் பெயரும் போயிற்று.

மாங்காய்க்கு வருவோம். போர்த்துகீசியர்கள் 1498ல் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள். 1511ல் நமக்குப் பக்கத்து மலாக்காவைப் பிடித்தார்கள். மலையாளக் கரையில் ‘மாங்ங’, இங்கே மலாயில் ‘மங்கா’. இரண்டுக்கும் நம் மாங்காய் உறவு. எந்தத் துறைமுகத்தில் காதில் விழுந்ததோ, அவர்கள் ‘மங்கா’ என்று எழுதிக்கொண்டார்கள்; ஆங்கிலேயன் அதை ‘மேங்கோ’ ஆக்கினான். காயின் பெயரைக் கொண்டுபோய்ப் பழத்துக்கு வைத்துவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. மங்குஸ்தீன் பழத்தின் முதல் ஐந்து எழுத்தும் ஆங்கிலத்தில் மேங்கோவைப் போலவே இருந்தாலும் அதற்கும் மாங்காய்க்கும் சம்பந்தமில்லை. அது ‘மங்கிஸ்’ என்ற மலாய்ச் சொல்லின் வழி வந்தது.

ஆரஞ்சும் நம் நாரத்தங்காயோடு உறவுள்ள சொல் என்கிறார்கள். சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச். ஐரோப்பாவில் முன்னால் இருந்த ந உதிர்ந்துபோயிற்று. நல்லெண்ணெய்ப் புட்டியின் மேல் ‘ஜிஞ்ஜெலி’ என்று போட்டிருக்கும். இந்தியிலிருந்து போனது, அதுவும் இந்தக் கூட்டந்தான். கீரிப்பிள்ளைக்கு ‘மங்கூஸ்’. இது மராத்தியிலிருந்து போன சொல். தெலுங்கில் முங்கிஸ என்பார்கள். கடைசியில் வாத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தோன்றினாலும் வாத்துக்கும் கீரிக்கும் உறவில்லை.

இனி கங்காணி. இந்தப் பெயரைக் கேட்டதும் சில பெரியவர்களுக்கு முகம் சுளிக்கும். சிலருக்குத் தாத்தா நினைவு வரும். இரண்டும் உண்மையே. கண்ணால் காண்பவன், கண்காணிப்பவன். கண்காணி என்பதே பேச்சில் கங்காணி ஆயிற்று. அதாவது நம் வாயிலேயே அது மாங்காய் ஓசைக்கு மாறிவிட்டது. தோட்டத்திலிருந்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, தன் சொந்தக் கிராமத்துக்கே போய், சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் அவர். 1907ல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பிறகு கப்பல் கட்டணம் அதிலிருந்து கொடுக்கப்பட்டது. 1910ல் சஞ்சிக் கூலி முறை ஒழிந்தது. 1938ல் உதவிப் பயணத்தில் தொழிலாளர் வருவதை இந்திய அரசாங்கம் நிறுத்தியது. அதுவரை நம் முன்னோரில் பெரும்பகுதியினர் வந்தது கங்காணியின் பின்னால் நடந்துதான். ஆங்கிலேயர் இந்த முறைக்கு வேறு பெயர் தேடவில்லை. தங்கள் அறிக்கைகளில் ‘கங்கானி’ என்றே எழுதினார்கள். பெரிய ஆங்கில அகராதிகளிலும் ஏறிவிட்டது. பால்மரக் காட்டில் விடியற்காலையில் பிரட்டுக்கு நின்ற சனங்களின் வாயிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

கங்காணிக்கு மேலே கிராணி, கிராணிக்கு மேலே துரை. துரையின் ‘பங்களா’வும் இந்த இரட்டையர் குடும்பந்தான். வங்காளத்துப் பாணியில் கட்டிய வீடு என்பதால் வந்த பெயர் அது. இன்று எத்தனையோ தோட்டங்களில் நம்மவர்கள் வாழ்ந்த லயங்களில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் நாட்டின் பெயரும் குன்றின் மேலிருந்த பங்களாவின் பெயரும் ஒரே வேரில் முளைத்தவை.

மலாயிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனவற்றையும் பார்க்க வேண்டும். அவை பெரும்பாலும் ‘இங்ஙன’ ஓசை. கோங் என்ற வட்டமணி. சாரோங், அதாவது நம் கைலி. மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972ல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது, மலாயில் பழைய ஓகாரம் பல சொற்களில் உகரமாகி, சாருங், கம்புங் என்று எழுத்து மாறியது. ஆங்கிலத்தில் மட்டும் பழைய எழுத்தே நிற்கிறது. காட்டுக் குரங்கான ஓராங் ஊத்தானுக்கு ‘காட்டு மனிதன்’ என்று பொருள். வெள்ளைக்காரர்களில் பலர் கடைசியிலும் ஒரு ஜியைச் சேர்த்து ‘ஊட்டாங்’ என்பார்கள். அது தேவையில்லாத ஜி. தோட்டத்துப் புதரில் சுருண்டு கிடக்கும் எறும்புத்தின்னிக்கு ஆங்கிலத்தில் ‘பேங்கோலின்’. உருண்டுகொள்வது என்று பொருள்படும் ‘பெங்குலிங்’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. இப்போது மலாயில் ‘தெங்கிலிங்’ என்கிறோம். (அதைப் பிடிப்பதும் விற்பதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.) நாம் ‘வெள்ளி’ என்று எண்ணுகிற ரிங்கிட்டுக்கும் இரண்டு ஜி. பழைய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பு வெட்டு வெட்டாக இருந்ததால் வந்த பெயர். ‘பற்கள் போன்ற விளிம்பு’ என்று அர்த்தம்.

சரி, ஆங்கிலம் தெரியாத தாய்மார்கள் பிள்ளைக்கு எப்படி உதவுவது? மிகச் சுலபம். பிள்ளை வாசிக்கும்போது இந்த இரட்டையர் வந்து திணறினால், “இது இங்ஙனமா, மாங்காயா, இஞ்சியா?” என்று மட்டும் கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியது பிள்ளை. அதற்கு ஒரு வழிகாட்டி சொல்கிறேன். சொல்லின் கடைசியில் ஜி வந்தால் இங்ஙனம்: கிங், லாங், சாரோங். ஜிக்குப் பின்னால் ஏ, ஓ, யு, எல், ஆர் என்ற எழுத்துகள் வந்தால் பெரும்பாலும் மாங்காய்: மேங்கோ, கங்காரு, ஜங்கிள், ஹங்ரி. ‘இங்கிலீஷ்’ என்ற சொல்லே மாங்காய்தான்! இ அல்லது ஐ வந்தால் இஞ்சியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்: சேஞ்ச், ஆரஞ்சு, என்ஜின், பாஸெஞ்சர். ஃபிங்கர், ஹங்கர் போன்ற சில பழைய சொற்கள் இதற்கு அடங்காது. அவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

ஒரு வேலையைக் குறிக்கும் சொல்லோடு இ, ஆர் சேர்த்து, அதைச் செய்கிற ஆளையோ பொருளையோ குறித்தால் இங்ஙன ஓசை மாறாது. ஸிங் என்றால் பாடு, பாடுகிறவர் ‘ஸிங்ஙர்’. நம் வீட்டுத் திண்ணைகளில் அந்தக் காலத்தில் காலால் மிதித்துத் தைத்த தையல் இயந்திரத்தின் பெயரும் அதே எழுத்துதான். 1851ல் அந்தக் கம்பெனியை ஆரம்பித்த அமெரிக்கரின் குடும்பப் பெயர் அது. நாம் ‘சிங்கர் மிசின்’ என்று மாங்காய் போட்டுத் தைத்துவிட்டோம். ஆனால் லாங் என்பது ‘அதைவிட நீளம்’ என்று ஆகும்போது ‘லாங்கர்’. இங்கே க வந்துவிடும். ஸ்ட்ராங்கர், யங்கர் இரண்டும் அப்படியே.

கடைசியாக, நன்றாக வாசிக்கிற பிள்ளைகளையும் தடுக்கிவிடும் ஜோடி ஒன்று. என், ஜி, யு, இ என்ற நான்கு எழுத்தில் முடியும் சொற்கள் இரண்டைச் சொல்கிறேன். முன்னால் டி, ஓ போட்டால் நாக்கு. முன்னால் டி, இ போட்டால் கொசுக்காய்ச்சல். இந்த டி வேறு டி, ஆபத்துச் சொல்லில் வந்த டி. இரண்டும் ஒரே மாதிரி முடிகிறதே என்று ஒரே மாதிரி வாசித்தால் போயிற்று. நாக்கு ‘டங்’ என்று இங்ஙனத்திலேயே நின்றுவிடும். யுவும் இயும் சும்மா உட்கார்ந்திருக்கும். காய்ச்சல் ‘டெங்கி’, மாங்காய். சந்தேகம் வந்தால், கொசு ஒழிக்கச் சொல்லிச் சுகாதாரத் துறையினர் தோட்டத்தில் ஒட்டியிருக்கும் மலாய் அறிக்கையைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் தெளிவாக இரண்டு ஜி போட்டு எழுதியிருப்பார்கள்.